பேஸ்பால் வீடியோ கேமில் மட்டையாளருக்கு எந்தக் கேமரா?

சங்கர் நகர் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த திருநெல்வேலிப் பிள்ளைகள் பேஸ்பால் கேம் வடிவமைத்தால், கேமராவை முதலில் பந்து எறிபவரின் பின்னால் உயரத்தில்தான் வைப்பார்கள். தொலைக்காட்சி பழக்கிய கோணம். எறிபவரின் முதுகும் மட்டையாளரின் முகமும் சேர்ந்து தெரியும். அழகுதான். ஆனால் கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தும் இடமே அதன் நீளத்தைச் சொல்லிவிடுகிறது. பேஸ்பாலில் அந்த உதவி கிடையாது. 18.44 மீட்டர் தொலைவில் எறிபவர் நிற்கும் மேட்டிலிருந்து அரை விநாடிக்குள் வரும் பந்து முழங்காலுக்கா, மார்புக்கா என்பதுதான் அடிப்பவரின் முழுக் கவலை. உயரத்துக் கேமரா அதையே மறைத்துவிடுகிறது.

மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் பின்னால் தாழ வைத்த கேமராவில் அந்த உயரம் பளிச்சென்று தெரிகிறது. இட வலமும் மாறாது. தூரத்தைக் கணிப்பதுதான் கடினம். பந்தின் நிழலைத் தரையில் தெளிவாக வரைந்தால் அதுவும் பெருமளவு தீரும். எறிபவரின் பின்கோணத்தை மறுஒளிபரப்புக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.