ஹாலிடே லாட்ஜ் வாங்குகிறீர்களா? முன்பணத்துக்கு முன் லைசென்ஸைக் கேளுங்கள்

இங்கிலாந்தில் பழைய தேவாலயமும் கல்வீடுகளும் உள்ள ஒரு கிராமத்தை ஒட்டிய பார்க்கில், கட்டில், சோபா, ஃப்ரிட்ஜ் சகிதம் விற்பனைக்கு வந்த ஹாலிடே லாட்ஜை, அதாவது விடுமுறைக்குத் தங்கும் குடிலை, ஒரு தமிழ்க் குடும்பம் வாங்கியது. ‘வருடம் முழுக்க இருக்கலாம், வேண்டும்போது விற்கலாம்’ என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். லாட்ஜை பார்க்கில் வைத்திருக்க அனுமதிக்கும் லைசென்ஸ் ஒப்பந்தம் கைக்கு வந்தது முன்பணம் கட்டிய பிறகுதான். அதில் இருந்தது வேறு.

சட்டத்தின் கண்ணில் இப்படிப்பட்ட லாட்ஜ் வீடு அல்ல, கேரவன். இரண்டு பாகங்களுக்கு மேல் போகாமல், 20 மீட்டர் நீளம், 6.8 மீட்டர் அகலத்துக்குள், நகர்த்தக்கூடியதாக இருப்பது. அடிநிலம் பார்க்குடையது. உங்கள் பெயரில் நிலப்பதிவு இருக்காது, வழக்கமான வீட்டுக் கடனும் கிடைக்காது. ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது என்பதைச் சலுகைபோலச் சொல்வார்கள். நிலம் கைமாறாததால்தான் அது கிடையாது.

‘12 மாத லைசென்ஸ்’ என்ற சொல்லில்தான் பலர் விழுகிறார்கள். வருடம் முழுக்க விடுமுறைக்கு வரலாம் என்பதே அதன் பொருள்; குடியிருக்க முடியாது. வேறு முகவரியில் கவுன்சில் டாக்ஸ் (குடியிருக்கும் வீட்டுக்கான உள்ளூர் வரி) கட்டுவதற்கு பார்க் ஆதாரம் கேட்கலாம். நிரந்தரமாகக் குடியிருக்கும் பார்க்குகளுக்கான 1983ஆம் ஆண்டு மொபைல் ஹோம்ஸ் சட்டத்தின் பாதுகாப்பு ஹாலிடே பார்க்குக்கு இல்லை. இருந்த வீட்டை விற்றுவிட்டு இங்கே வருபவர்களின் நிலைமை மிகக் கொடுமை.

அடுத்து, லைசென்ஸ் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். லாட்ஜ் தயாரான ஆண்டிலிருந்து 20 வருடம் என்று எழுதியிருந்தால், 9 வருடப் பழையதை வாங்குபவருக்கு மிஞ்சுவது 11 வருடம். விற்கும்போது லைசென்ஸ் புதியவருக்கு மாறுமா? மாறாவிட்டால் உங்களிடம் இருப்பது தூக்கிச் செல்ல வேண்டிய பழைய கேரவன் மட்டுமே. மாறினாலும் பார்க்குக்குக் கமிஷன் உண்டு. 15 சதவீதமும் அதன்மேல் வாட் (VAT) வரியும் என்றால், 60,000 பவுண்டுக்கு விற்கும்போது 9,000, கூடவே 1,800. டெக்கிங்குக்கு (வெளியே போடும் மேடைத் தளத்துக்கு) போட்ட பணம் பெரும்பாலும் திரும்பாது. இடத்துக்காக பார்க்குக்குக் கட்டும் சைட் ஃபீ எந்தக் கணக்கில் ஏறும், வாடகைக்கு விட அனுமதி உண்டா என்பதும் எழுத்தில் வேண்டும்.

சோபாவையும் திரைச்சீலையையும் பார்த்து மயங்க வேண்டாம். ஈரப்பத மீட்டர் கொண்டு ஜன்னல் மூலைகள், ஷவர் ட்ரே ஓரம், தரை ஆகியவற்றைச் சோதியுங்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே நீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அடியில் குனிந்து சேஸிஸ் எனும் இரும்புச் சட்டத்தின் துருவையும் பாருங்கள். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரை முழுவதும் வடித்தார்களா என்று கேளுங்கள். வடிக்காவிட்டால் உறைந்து குழாய் வெடிக்கும், இன்சூரன்ஸும் மறுக்கலாம்.

கேரவன் தள அனுமதிகளின் பதிவேட்டை உள்ளூர் கவுன்சில் பொதுமக்கள் பார்க்க வைத்திருக்க வேண்டும். கேரவன் தளங்களுக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதோடு தளத்துக்கான பிளானிங் அனுமதியின் நிபந்தனைகளையும் படியுங்கள். விற்பவர் வாயால் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, எழுத்துப்பூர்வமான பதில் வாங்குங்கள். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, சிட்டிசன்ஸ் அட்வைஸ் எனும் இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்குப் புகார் போவது அந்த வழியாகத்தான்.