கேள்விகள் அருமை, மதிப்பெண் வேண்டாம்

போன ஞாயிறு நானும் தங்கையும் இணையத்தில் ஒரு ஐக்யூ (அறிவுத்திறன் எண்) தேர்வு எழுதிப் பார்த்தோம். 30 கேள்வி, 20 நிமிடம்.

மூன்றுக்கு மூன்று கட்டங்கள். எட்டில் படம், ஒன்பதாவது காலி. கட்டத்துக்குக் கட்டம் முக்கோணம் கால்வட்டம் திரும்பும், உள்ளே புள்ளி ஒன்று கூடும். 1938-ல் உளவியலாளர் ஜான் ரேவன் வெளியிட்ட வடிவத் தேர்வின் சாயல். உண்மையிலேயே நல்ல கேள்விகள். பன்னிரண்டாவதில் நான்கு நிமிடம் போனதே தெரியவில்லை.

முடித்ததும் மதிப்பெண் பார்க்க 499 ரூபாய் கேட்டார்கள். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சரி என்று கட்டினேன்: 131. மறுநாள் திரும்ப எழுதினால் 142! ஒரே இரவில் புத்தி வளராது, கேள்வி பழகிவிட்டது. ஐக்யூவில் சராசரி 100 என்பதே ஒரே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டு வைப்பது. இங்கே வயதுகூடக் கேட்கவில்லை.

“அப்போ இது எதையுமே அளக்கலையாக்கா?” என்றாள் தங்கை. வடிவ ஒழுங்கைப் பிடிக்கும் திறனை ஓரளவு அளக்கிறது, அதுவும் அறிவில் ஒரு பகுதிதான் என்றேன். அவள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

1905-ல் பாரிஸில் உளவியலாளர்கள் பினேயும் சிமோனும் தங்கள் அறிவுத்திறன் தேர்வை உருவாக்கியது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய. இந்த எண் அப்படி எதற்கும் உதவாது; எட்டாவது படிக்கும் என் மகனிடம் இதைக் காட்ட மாட்டேன். புதிர் பிடிக்கும் என்றால் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். பணம் கேட்கும் பக்கம் வந்ததும் மூடிவிடுங்கள்.