பட்டுப்பாய் என்று கொடுத்தது பிளாஸ்டிக்: 14,500 ரூபாய் போயிற்று, நீங்களாவது உஷாராக இருங்கள்

திருநெல்வேலி டவுனில், பாரம்பரியக் கைவினைப் பொருள்களை மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சின்னக் கடையில் 14,500 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். பத்தமடைப் பட்டுப்பாய், அதாவது பத்தமடை ஊரில் கோரைப் புல்லில் பட்டுப்போல் மெல்லிசாக நெய்யும் பாய் என்று சொல்லிப் பிளாஸ்டிக் பாயைத் தலையில் கட்டிவிட்டார்கள். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. புகார் மனுவில் அது இருக்கிறது, அங்கே இருந்தால் போதும். ஆவணி முகூர்த்தங்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன. சீர் வாங்கக் கிளம்பியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எதை எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்குக் கடை பார்ப்பதில் ஒரு பிரியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் இறங்கினால், ஒரே சரக்கைப் பரம்பரையாக விற்கிற கடைகளாகத் தேடிப் போவேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஒரு கடை, நாட்டு மருந்துக்கு ஒரு கடை, உடன்குடிக் கருப்பட்டிக்கு ஒரு கடை, காருக்குறிச்சி மண்பானைக்கு ஒரு கடை. அந்தக் கடைக்காரர்கள் அதிகம் பேசமாட்டார்கள். கருப்பட்டிக் கடை ஆச்சி, "இது ஈரம் ஏறின சரக்கு, அடுத்த வாரம் வாருங்கள்" என்று வந்த வியாபாரத்தையே திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்ட இடங்களில் பழகியவனுக்குத் தனிக்கடை என்றாலே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. இந்தப் புதுவகைக் கடைகள் காசாக்குவது அந்த மரியாதையைத்தான். சணல் பை, அரிக்கேன் விளக்கு, வாசலில் ஓர் ஆட்டுரல், உள்ளே எல்லாவற்றுக்கும் இரட்டை விலை.

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் சீரில் மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாய் வைக்க வேண்டும் என்பது எங்கள் அம்மாவின் ஆசை. ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு அந்தக் கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், கதர்ச் சட்டை, நெற்றியில் திருநீறு. "வாருங்கள் அண்ணாச்சி" என்று நாற்காலி போட்டார், மோர் வரவழைத்தார். விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு முழ அகலத்தில் ஒரு மாதிரித் துண்டை எடுத்தார். அதைக் கைக்குட்டையை மடிப்பதுபோல் நான்காக மடித்து என் உள்ளங்கையில் வைத்தார். சொரசொரப்பே இல்லை. "பாவு, நெடுக்கே ஓடுகிற நூல், 120 அண்ணாச்சி. சாதாரணப் பாயில் இதில் பாதிகூட இருக்காது" என்றார். தாமிரபரணிக் கரைக் கோரை, ஓடுகிற தண்ணீரில் ஊறவைப்பது, கிழிப்பது, சாயம் போடுவது என்று வரிசையாகச் சொன்னார். புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதையும், எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் பரிசாகப் போன கதையையும் விடவில்லை. அந்தக் கதை ஊரறிந்தது, அதற்கு அவரிடம் போக வேண்டியதில்லை. என்னை விழவைத்தது அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்.

நான் கேட்காமலேயே அந்தத் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு கோரை இழையை நகத்தால் உருவினார். தீக்குச்சி கிழித்துப் பற்ற வைத்தார். வைக்கோல் வாசனை வந்தது. விரலால் நசுக்கினார், சாம்பல் பொடியாக உதிர்ந்தது. "பிளாஸ்டிக் என்றால் உருகி முத்தாக உருளும் அண்ணாச்சி. எத்தனையோ பேர் ஏமாற்றுகிறார்கள், நீங்கள் எங்கே வாங்கினாலும் இப்படிப் பார்த்து வாங்குங்கள்" என்றார். ஏமாற்றுகிறவனே ஏமாறாமல் இருக்கப் பாடம் நடத்துகிறான் என்று யார் நினைப்பார்கள்? மாதிரித் துண்டு உண்மையான பாய்தான். அதில் பொய்யே இல்லை. எனக்கு வந்த பாய்க்கும் அதற்கும்தான் சம்பந்தமில்லை.

மொத்தம் 14,500 ரூபாய். 10,000 முன்பணம், மீதி பாய் வந்ததும். ஒரே பாவில் பெயர்களும் கல்யாணத் தேதியும் நெய்து, ஓரத்தில் பட்டுக் கரை வைத்துத் தருவதாகப் பேச்சு. ஸ்கேன் செய்து பணம் அனுப்பினேன். திரையில் வந்தது கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். "வீட்டுக்காரி கணக்கு அண்ணாச்சி, கடைக் கணக்கில் வரிப் பிரச்சினை" என்றார். பில் கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் "பாய் – 1" என்று எழுதி, தொகை போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்.

தருவதாகச் சொன்ன தேதிகள் ஒவ்வொன்றாகத் தாண்டின. நெசவாளருக்குக் காய்ச்சல், பிறகு சாயம் காயவில்லை, பிறகு ஆடி என்பதால் தறியில் கை வைக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் இருட்டிய பிறகுதான் கடைப் பையன் கொண்டுவந்தான். வெள்ளைத் துணியில் சுற்றி, நூல் போட்டுத் தைத்திருந்தது. "சபையில் வைத்துத்தான் பிரிக்க வேண்டுமாம், இப்போது பிரித்தால் மடிப்பு கலைந்துவிடும் என்று முதலாளி சொன்னார்" என்றான். மீதி 4,500 ரூபாயை வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினான். வீடு முழுக்க ஆட்கள், சமையல்காரர் ஒரு பக்கம், வாழைமரம் கட்டுகிறவர் ஒரு பக்கம். இந்த நேரத்துக்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள் என்பது இப்போது புரிகிறது.

மறுநாள் சீர் தட்டுகள் வரிசையாக வந்தன. எங்கள் அம்மாவே நூலை அறுத்துப் பாயை விரித்தார். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. சம்பந்தி வீட்டு அத்தை பன்னீர்ச் செம்பை எடுத்துத் தெளித்தார், வழக்கப்படி. மணப்பெண் பெயரின் கடைசி எழுத்தில் சிவப்பு மெல்லக் கசிந்தது. அத்தை சேலைத் தலைப்பால் ஒற்றினார். எழுத்து சேலையில் ஏறிவிட்டது. பாயில் அந்த இடத்தில் வெளுத்த மஞ்சள் நிறம். புரட்டிப் பார்த்தோம், பின்பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை. நெய்ததாகச் சொன்ன பெயரை அச்சடித்திருந்தார்கள். யாரோ ஒரு பையன் சிரித்தான். அம்மா ஒன்றும் பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். சேலைக்காரி அத்தை இன்றுவரை என்னிடம் நல்ல முகமாகப் பேசவில்லை, அதற்கு யாரிடம் பில் போடுவது?

அன்று சாயங்காலம் பாயின் ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பற்ற வைத்தேன். கறுத்து, சுருண்டு, சொட்டாக உருகித் தரையில் ஒட்டிக்கொண்டது. பாடம் நடத்தியவர் சரியாகத்தான் நடத்தியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்தது அலைக்கழிப்பு. முதல் தடவை போனில், "ஈரம் பட்டிருக்கும் அண்ணாச்சி, நிழலில் உலர்த்துங்கள்" என்றார். கோரை ஆற்றுத் தண்ணீரில் ஊறி வருகிறது என்று கதை சொன்ன அதே வாய். பாயைத் தூக்கிக்கொண்டு நேரில் போனேன். நாற்காலி இல்லை, மோர் இல்லை. நெசவாளர் தவறு செய்திருப்பார், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நெசவாளர் போன் எண்ணைக் கேட்டால், அது தொழில் ரகசியமாம். அடுத்த தடவை கடையில் பையன் மட்டும் இருந்தான், முதலாளி திருச்செந்தூர் போயிருப்பதாகச் சொன்னான். உள்ளே திரைக்குப் பின்னால் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. கடைசியில் வெளியே வந்தார். "பில்லைப் பாருங்கள், பாய் ஒன்று என்றுதான் போட்டிருக்கிறது. பாய் கொடுத்திருக்கிறோம். பத்தமடை என்று எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். முத்திரையையும் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.

14,500 ரூபாய். குரலை உயர்த்தியதும் சமாதானத்துக்கு வந்தார். பணம் கிடையாதாம், வேண்டுமானால் அம்பாசமுத்திரம் மரச் சொப்பில் ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளலாமாம். கல்யாணப் பெண்ணுக்குச் சொப்புச் சாமான்!

மனசு ஆறாமல் பாபநாசம் பஸ் ஏறினேன். முன்னீர்பள்ளம், மேலச்செவல் தாண்டிப் பத்தமடையில் இறங்கி, விசாரித்து, பாய் நெய்கிற ஒரு வயதான அம்மா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் தரையோடு தரையாகப் பாவு கட்டியிருந்தது. நான் கொண்டுபோனதை விரிக்கக்கூட விடவில்லை. கட்டைவிரல் நகத்தால் ஒரு தேய்ப்பு தேய்த்தார். "இது கோரையே இல்லை தம்பி" என்றார். பக்கத்தில் கிடந்த தன் பாயைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். இழைகள் எல்லாம் ஒரே கனத்தில் இல்லை. அடி கொஞ்சம் தடிப்பு, நுனி கொஞ்சம் மெலிவு. புல் அப்படித்தான் வளரும் என்றார். என் பாயில் இழைக்கு இழை அளவெடுத்தாற்போல் ஒரே கனம். பெயர் நெய்வதற்குப் பாவு இழையை எண்ணி எண்ணிச் சாயம் போட்ட கோரையைக் கொடுக்க வேண்டுமாம், அதனால் எழுத்து இரண்டு பக்கமும் விழும். சாயக் கோரையை ஈரத் துணியால் துடைத்துக் காட்டினார், துணி வெள்ளையாகவே இருந்தது. விசைத்தறிப் பாயும் அதே ஊரில் ஓடுகிறது, அதை விசைத்தறி என்று சொல்லித்தான் கொடுப்பார்களாம். மெல்லிசுப் பாயை நல்லபடி நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும், கல்யாணத்துக்கு முந்தின நாள் தைத்த மூட்டையாக யாரும் அனுப்பமாட்டோம் என்றபோது அந்த அம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்றவன் யார் என்று கேட்டார். சொல்லிவிட்டு வந்தேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். அத்தனையும் எழுத இப்போது பொறுமை இல்லை. மாதிரித் துண்டைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், கைக்கு வரும் பாயையே பிரித்து, புரட்டி, ஈரத் துணியால் துடைத்து, ஓர் இழையை எரித்துப் பாருங்கள். பில்லில் "பத்தமடைக் கைத்தறிக் கோரைப் பாய், பெயர் நெய்தது" என்று முழுதாக எழுதாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். கடைப் பெயர் இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். முடிந்தால் பஸ் ஏறி ஊருக்கே போய்விடுங்கள், தூரம் ஒன்றும் அதிகமில்லை.

திரும்பப் பெறமாட்டோம் என்ற முத்திரையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் சொல்லலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. நான் இரண்டையும் செய்தாகிவிட்டது. பாயை அப்படியே சுருட்டி வைத்திருக்கிறேன், கறை பட்ட சேலையின் படமும் மனுவோடு இருக்கிறது.

கடைக்காரர் நேற்றிலிருந்து என் எண்ணை எடுப்பதில்லை. அத்தான் போனிலிருந்து கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்தார். "வணக்கம் அண்ணாச்சி, கல்யாணப் பாயா? பெயர் நெய்து தந்துவிடலாம்" என்றார்.