ராணுவம் தரும் கவசமா, சொந்தக் காசில் வாங்கும் கவசமா?

போன மாதம் என் சித்தி மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் மகன் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறான். சீக்கிரமே வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பப் போகிறான். "அண்ணா, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை. குண்டு தடுக்கும் கவசம், இருப்பதிலேயே நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். குரல் நடுங்கியது. பெற்றவளிடம் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு அவளுக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

வாங்கியே ஆக வேண்டிய காலம் ஒன்று இருந்தது. 2003 மார்ச்சில் இராக்குக்குள் நுழைந்த அமெரிக்கப் படையில் எல்லோரிடமும் புதிய 'இன்டர்செப்டர்' கவசம் இல்லை. பலர் உடுத்தியிருந்தது 1980களில் வந்த பழைய உடுப்பு. வெடித்துச் சிதறும் துண்டுகளை அது தாங்கும். துப்பாக்கித் தோட்டாவைத் தாங்காது. புதிய உடுப்பு கிடைத்தவர்களிலும் சிலருக்கு அதற்குள் செருக வேண்டிய பீங்கான் தகடு கிடைக்கவில்லை. தகடு இல்லாத இன்டர்செப்டர் கைத்துப்பாக்கிக் குண்டை நிறுத்தும், கலாஷ்னிகோவ் போன்ற நீளத் துப்பாக்கியின் குண்டை நிறுத்தாது. வீட்டில் இருந்தவர்கள் சேமிப்பை எடுத்துத் தகடு வாங்கி அனுப்பினார்கள். அதே மார்ச்சில், பற்றாக்குறையால் தன் கவசத்தைத் திருப்பிக் கொடுத்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஒருவர் சில நாட்களிலேயே சுபைர் என்ற ஊரில் சுடப்பட்டு இறந்தார். அந்த நேரத்தில் வாங்கி அனுப்பிய எந்தக் குடும்பத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றும் இல்லாத இடத்தில் ஏதோ ஒன்று இருப்பது மேல்.

ஆனால் அந்தச் செலவு குடும்பத்தின் தலையில் விழுந்தது அநியாயம். சொந்தக் காசில் வாங்கியதற்குப் பொருள் ஒன்றுக்கு 1,100 டாலர் வரை திருப்பித் தர வேண்டும் என்று 2004 அக்டோபரில் சட்டம் வந்தது. அதற்கான விதிமுறையைப் பாதுகாப்புத் துறை வெளியிட இன்னும் ஓர் ஆண்டு ஆனது. ஒருவனைப் போருக்கு அனுப்பும் நாடு அவன் நெஞ்சை மறைக்கும் தகட்டையும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இன்று நிலைமை வேறு. இராக்கில் இருந்த படையினர் அனைவருக்கும் 2004 தொடக்கத்திலேயே இன்டர்செப்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. 2005இலிருந்து அதைவிட வலுவான தகடுகள் வந்தன. ஆகவே வெறும் நெஞ்சா, கவசமா என்ற கேள்வி இப்போது இல்லை. ராணுவத் தகடா, கடைத் தகடா என்பதுதான் கேள்வி.

தகடு என்பது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நடுத்தர அளவு ராணுவத் தகடு ஒன்றரைச் சாண் உயரம் இருக்கும். எடை சுமார் 2.5 கிலோ. மார்பின் வளைவுக்கு ஏற்ப லேசாக வளைந்திருக்கும். துணி உறைக்குள் முன்பக்கம் பீங்கான், பின்பக்கம் அழுத்தி ஒட்டிய இழை அடுக்குகள். பீங்கான் நொறுங்கி குண்டின் முனையை உடைக்கிறது. மிச்சத்தை இழை பிடித்து நிறுத்துகிறது. நொறுங்குவதுதான் அதன் வேலை. அதனால்தான் தகட்டைக் கீழே போடக் கூடாது என்பார்கள். உள்ளே விழுந்த விரிசல் வெளியே தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். தகடுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ஏற்பாடு ராணுவத்திடம் இருக்கிறது. வீட்டில் வாங்கி வைத்த தகட்டை யார் எக்ஸ்ரே எடுப்பார்கள்?

கடையில் மூன்று வகை கிடைக்கிறது. எஃகுத் தகடு மலிவு, பல குண்டுகளைத் தாங்கும். ஆனால் கனம் அதிகம். அதில் பட்டுச் சிதறும் குண்டுத் துண்டுகள் கழுத்துக்கும் கைக்கும் பாயும். இதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை, வேண்டாம். பாலிஎத்திலின் தகடு கையில் எடுத்தால் ஆச்சரியப்படும் அளவு இலேசு. சாதாரண ஈய உள்ளீட்டுக் குண்டை அழகாக நிறுத்தும். எஃகு முனை வைத்த குண்டு வந்தால் பல மாதிரிகள் தோற்றுவிடும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் நாள்கணக்கில் கிடப்பதும் அதற்கு ஆகாது. மூன்றாவது பீங்கான்; நியாயமான போட்டி இதில்தான். கவசம் துளைக்கும் குண்டு ஒன்றைத் தடுத்ததாகச் சான்று பெற்ற நல்ல தகடுகள் இருக்கின்றன. விலை கையைக் கடிக்கும், ஆனால் தரத்தில் ராணுவத் தகட்டுக்கு அருகில் வரக்கூடியவை.

வாங்குகிறவர்கள் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. சில தகடுகள் தனியாகவே குண்டைத் தாங்கும். சில, பின்னால் கெவ்லார் எனும் வலுவான இழையால் ஆன உடுப்பு இருந்தால்தான் தாங்கும். ராணுவத் தகடு இரண்டாவது வகை. அதை எடுத்து, தகட்டைச் செருகி உடம்பில் மாட்டிக்கொள்ளும் மெல்லிய கடை உறையில், பின்னால் எதுவும் இல்லாமல் செருகிக்கொண்டு ஒருவன் கிளம்பினால், சோதித்துப் பார்க்காத ஒன்றை நம்பி நிற்கிறான் என்று பொருள்.

'டிராகன் ஸ்கின்' என்ற தனியார் நிறுவனக் கவசத்தின் கதையையும் சித்தி மகளுக்கு எழுதினேன். மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்த பீங்கான் வட்டுகள், உடலோடு வளையும், இன்டர்செப்டரைவிட அதிக இடத்தை மறைக்கும். சிப்பாய்களும் குடும்பங்களும் அதைக் கேட்டுத் தேடினார்கள். 2006 மார்ச்சில் ராணுவம் தான் வழங்காத எந்தக் கவசத்தையும் அணியக் கூடாது என்று தடை விதித்தது. அந்த ஆண்டு நடந்த சோதனையில் 48 குண்டுகளில் 13 அதைத் துளைத்துவிட்டன என்று 2007இல் அறிவித்தது. கடும் வெப்பத்தில் பசை இளகி வட்டுகள் நழுவியதாகவும் சொன்னது. மிகப் பெரிய அளவு டிராகன் ஸ்கின் 21 கிலோவுக்கு மேல். அதே அளவு இன்டர்செப்டர் 13 கிலோவுக்குள். தயாரித்தவர்கள் இந்த முடிவை ஏற்கவில்லை. ஒரு தொலைக்காட்சி நிறுவனம் ஜெர்மனியில் நடத்திய சோதனையில் டிராகன் ஸ்கின்னே முந்தியது. ஆனால் 2007 ஆகஸ்டில் அதற்கு இருந்த காவல்துறைத் தரச்சான்றும் போனது. உத்தரவாதக் காலம் முழுவதும் அதன் வலு குறையாது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே காரணம். புதிய கவசம் எத்தனை குண்டைத் தாங்குகிறது என்பதையே எல்லோரும் பேசுகிறோம். வெயிலிலும் வியர்வையிலும் ஆறு ஆண்டு கிடந்த பிறகு தாங்குமா என்று கேட்பவர் குறைவு.

ராணுவத்தின் பொருள் பழுதே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. 2005இல் அமெரிக்க மரைன் படை 5,277 உடுப்புகளைத் திரும்பப் பெற்றது. 2009இல் தரைப்படை 16,000க்கும் மேற்பட்ட தகட்டு ஜோடிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. இதைப் படித்ததும் என் சித்தி மகள், "பார்த்தீர்களா அண்ணா, அவர்களே தப்பாகக் கொடுக்கிறார்கள்" என்றாள். நான் அதை மறுபக்கமாகப் பார்க்கிறேன். தகட்டின் எண்ணும் தொகுதியும் பதிவில் இருந்ததால்தான் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்க முடிந்தது. அதற்கும் பத்திரிகைகளும் தணிக்கையாளர்களும் நெருக்க வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் தபாலில் வந்த தகட்டில் பழுது தெரியவந்தால், பாலைவனத்தில் இருக்கும் ஒருவனைத் தேடி யார் வந்து சொல்வார்கள்? என் தராசு சாய்வது இந்த இடத்தில்தான். தகட்டைவிட, அதைக் கடைசிவரை கணக்கில் வைத்திருக்கும் ஆள் முக்கியம்.

உறையை மட்டும் சொந்தமாக வாங்கி ராணுவத் தகட்டைச் செருகுவது நடுவழி. தோள் வலி குறையும், வேகமாக ஓடலாம் என்று பலர் விரும்புகிறார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. படைப்பிரிவு எழுத்தில் அனுமதித்தால், பின்னால் கெவ்லார் அடுக்கு வைக்க இடம் இருந்தால் யோசிக்கலாம். ஆனால் 2007க்குப் பின் வந்த ராணுவ உடுப்பில் ஒரே இழுப்பில் முழுக் கவசமும் கழன்று விழும் பிடி இருக்கிறது. அடிபட்டவனிடம் ஓடிவரும் மருத்துவ உதவியாளரின் கை இருட்டிலும் அந்தப் பிடியைத் தேடிப் போகும். புது உறையில் அது வேறு இடத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ராணுவம் உண்மையிலேயே சறுக்கும் இடம் அளவு. பெண்களின் உடலுக்கேற்ற கவசம் 2012இல்தான் 101வது வான்வழிப் படைப்பிரிவினரிடம் சோதனைக்கே போனது. அதுவரை ஆண் அளவில் வந்ததையே இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். பொருந்தாத நல்ல தகட்டால் பயனில்லை. சண்டை போட வேண்டுமானால் இதற்காகப் போடலாம்: சரியான அளவு கேட்டு, கிடைக்கும்வரை விடாமல் கேட்டு.

அதனால் அவளிடம், "கவசத்துக்குப் பணம் அனுப்பாதே அம்மா. பையனிடம் கவசத்தோடு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்" என்றேன். மறுநாள் வந்தது. தகட்டின் மேல் விளிம்பு தொண்டைக்குழியை ஒட்டி நிற்க வேண்டும். அவனுக்கு நான்கு விரல் கீழே தொங்கியது. இதயத்தின் மேல் பகுதி திறந்து கிடந்தது. தோள்பட்டை வாரைத் தூக்கி இறுக்கி மறுபடியும் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.