சிறுநீர்க் கசிவு நிற்க எத்தனை மாதம்? தனிப் பயிற்சி, இயன்மருத்துவர், அறுவைச் சிகிச்சை: ஓர் ஒப்பீடு

இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரும், தும்மினாலோ இருமினாலோ, கொழும்பு காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் சட்டென்று பிரேக் பிடிக்கையில் கம்பியை இறுக்கிப் பிடித்தாலோ எனக்குச் சிறுநீர் கசிந்தது. நாளுக்கு ஐந்து பாடவேளை நின்று கற்பிக்கும் ஆசிரியைக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். என் முன் மூன்று வழிகள் இருந்தன: வீட்டிலே தனியாக இடுப்புத்தளத் தசைப் பயிற்சி செய்வது, இயன்மருத்துவரின் (பிசியோதெரபிஸ்டின்) மேற்பார்வையில் அதையே செய்வது, அறுவைச் சிகிச்சை. முதலாவதை ஏழு மாதம் செய்து பயன் காணாமல் விட்டேன், இரண்டாவதால் தேறினேன், மூன்றாவதை என் பெரியம்மா பட்டதைப் பார்த்தும் வைத்தியர்கள் சொல்லக் கேட்டும் மட்டுமே அறிவேன். ஆகவே இந்த ஒப்பீடு இரண்டாவதன் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தனிப் பயிற்சிக்குக் காசு தேவையில்லை. அரச வைத்தியசாலையில் இயன்மருத்துவமும் இலவசம். ஆனால் வைத்தியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், வரிசையில் அரை நாள் போகும். தனியாரிடம் ஒவ்வொரு முறையும் கட்டணம், ஆனால் மாலையில் நேரம் ஒதுக்கித் தருவார்கள். தனிப் பயிற்சியில் யாரிடமும் வாய் திறக்கத் தேவையில்லை என்பது நம் பெண்களுக்குப் பெரிய ஆறுதல். நானும் அதற்காகத்தான் அதை முதலில் தேர்ந்தேன்.

மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டும் கேள்வி வேறு: சுருங்க வேண்டிய தசைதான் சுருங்குகிறதா? இடுப்புத்தளத் தசைகள் முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை ஒரு தொட்டில்போலக் கட்டியிருப்பவை. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்குபவை. கையை மடக்கினால் புயம் திரள்வது கண்ணுக்குத் தெரியும். இவை சுருங்குவதைக் கண்ணால் காண முடியாது. பிரசவத்துக்குப் பின் கிடைத்த துண்டுப்பிரசுரத்தில் "சிறுநீரை அடக்குவதுபோல் சுருக்குங்கள்" என்று இருந்தது. அதை நம்பி நான் ஏழு மாதம் நாள் தவறாமல் செய்தது என்னவென்றால், மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கி, பிட்டத்தை இறுக்கி, தூக்க வேண்டிய தளத்தைக் கீழ்நோக்கித் தள்ளியதுதான். கசிவு குறையவில்லை என்பது மட்டுமல்ல, அந்தத் தள்ளுதல் பலவீனமான தளத்துக்கு மேலும் சுமை ஏற்றியது.

இது என் ஒருத்தியின் தவறன்று. 1991இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாய்மொழியாகச் சுருக்கமான விளக்கம் மட்டும் பெற்ற 47 பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் சரியாகச் சுருக்கினார்கள். கால்வாசிப் பேர் செய்த முறை கசிவைக் கூட்டக்கூடியதாக இருந்தது. இந்தப் பயிற்சிக்குத் தன் பெயரைத் தந்த ஆர்னல்ட் கேகல் என்ற பெண்நோயியல் வைத்தியர் 1948இல் தன் முறையை எழுதியபோது, யோனிக்குள் வைத்து அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்றையும் சேர்த்தே எழுதினார். அளந்து பார்த்துச் செய்வதுதான் அவருடைய முறை. காலப்போக்கில் பெயர் நிலைத்தது, அளவை கழன்று போனது. இன்று யூடியூபில் நாம் காண்பது அந்த மிச்சத்தைத்தான்.

இயன்மருத்துவரிடம் போன முதல் நாள் இதை நேரே கண்டேன். என் ஒப்புதலைக் கேட்டு, திரையை மூடி, கையுறை அணிந்த ஒரு விரலை உள்ளே வைத்து, "இப்போ சுருக்குங்க" என்றார். நான் முழுப் பலத்தோடு செய்தேன். அவர் மறு கையை என் வயிற்றில் வைத்து, "மூச்சை விடுங்க மிஸ், தள்ள வேணாம்" என்றார். அவருக்குத் தாய்மொழி சிங்களம். இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் "உஸ்ஸன்ன" என்றார். தூக்குங்கள் என்று பொருள். 'சுருக்கு' என்ற சொல் ஏழு மாதம் என் கவனத்தை வயிற்றுக்கும் பிட்டத்துக்கும் இழுத்துக்கொண்டிருந்தது. 'தூக்கு' என்றதும், மூச்சை வெளியே விட்டபடி, உள்ளே எதுவோ மேலே நகர்வதை முதன்முறையாக உணர்ந்தேன். "அதுதான், அதையே பிடிச்சிருங்க" என்றார். மூன்று வினாடிதான் நின்றது. தசையின் வலுவைக் காட்டும் பூச்சியம் முதல் ஐந்து வரையான அளவையில் எனக்கு இரண்டு போட்டார்.

அந்த இலக்கம் கிடைத்ததால்தான் எப்போது எதை எதிர்பார்க்கலாம் என்று பேச முடிந்தது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் மூளையும் தசையும் ஒன்றையொன்று அடையாளம் காணும் காலம். கசிவில் மாற்றத்தைத் தேடக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் அறிகுறிகள் தெரியலாம். தசை உண்மையிலேயே பருத்து வலுப்பெற அதற்கு மேலும் காலம் வேண்டும் என்பதால், மூன்று மாதம் முடிவதற்கு முன் பலன் உண்டா இல்லையா என்று தீர்ப்பெழுதக் கூடாது. பிரித்தானிய மருத்துவ வழிகாட்டலும், குறைந்தது மூன்று மாத மேற்பார்வையோடு, நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குக் குறைந்தது எட்டுச் சுருக்கம் என்றே சொல்கிறது. எனக்கு ஆறாம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை, தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்கையில் நெடி ஏறித் தொடர்ச்சியாகத் தும்மல் வந்தது. தும்முவதற்கு ஒரு கணம் முன் தளத்தைத் தூக்கிப் பிடிக்கும் உத்தியை இயன்மருத்துவர் பழக்கியிருந்தார். அகப்பையை விடாமல் அதைச் செய்தேன், நாப்கின் உலர்ந்தே இருந்தது. அதற்கு அடுத்த மாதம் தடிமனும் இருமலும் பிடித்துப் பத்து நாள் மறுபடி நனைந்தேன். பழைய நிலைக்கே போய்விட்டேன் என்று அழுதேன். அவர் பரிசோதித்துவிட்டு, தசை களைத்திருக்கிறது, வலு போகவில்லை என்றார். தனியாகச் செய்திருந்தால் அந்தப் பத்தாம் நாளில் எல்லாவற்றையும் விட்டிருப்பேன். நான்காம் மாத முடிவில் என் இலக்கம் நான்கு. ஓடும்போது எப்போதாவது ஒரு துளி இன்னும் உண்டு. தேறினேன் என்று நான் சொல்வது அதையும் சேர்த்துத்தான்.

விரல் பரிசோதனைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலருக்குத் தளம் தளர்ந்திராமல் எப்போதும் இறுகிப்போயிருக்கும். தாம்பத்திய உறவில் வலி, மலம் கழிக்கச் சிரமம் என்று அது வெளிப்படும். அவர்கள் முதலில் பழக வேண்டியது தளர்த்துவதைத்தான். துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து மேலும் இறுக்கினால் வலி கூடலாம். அடக்க முடியாமல் கழிவறைக்கு ஓடவைக்கும் அவசரக் கசிவும் வேறு வகை. அதற்குச் சிறுநீர் கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சியைக் குறைந்தது ஆறு வாரம் செய்ய வேண்டும். தனக்கு எது என்று தானே கண்டுபிடிப்பது கடினம்.

யோனிக்குள் வைத்துச் சுருக்கும்போது திரையில் கோடு ஏறி இறங்குவதைக் காட்டும் கருவிகளை வாங்கலாமா என்று தோழிகள் கேட்கிறார்கள். பிரித்தானியாவில் 600 பெண்களிடம் நடத்திய பரிசோதனை 2020இல் வெளியானது. மேற்பார்வையோடு கூடிய பயிற்சிக்கு மேல் கருவியையும் சேர்த்ததால் இரண்டு ஆண்டு முடிவில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அந்தக் காசை இயன்மருத்துவரிடம் இன்னும் நான்கு முறை போகச் செலவிடுவதே மேல்.

அறுவைச் சிகிச்சைக்கு உரிய நியாயத்தை நான் மறைக்கக் கூடாது. இருமல் தும்மலில் வரும் கசிவு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்த 460 பெண்களை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. சிறுநீர் வெளியேறும் குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே அதைத் தாங்கும் வலைநாடா வைக்கும் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 91 பேர் முன்னேற்றம் கண்டார்கள். இயன்மருத்துவத்தில் தொடங்கியவர்களில் 64 பேர். பின்னவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓராண்டுக்குள் தாங்களே அறுவைச் சிகிச்சைக்கு மாறினார்கள். கசிவு கடுமையாக இருந்து, மூன்று நான்கு மாத ஒழுங்கான பயிற்சியும் போதாமல் போனவருக்கு அது தோல்வியன்று, அடுத்த படி. ஆனால் வலைநாடா வைத்தபின் சிலருக்கு நீங்காத வலி வந்தது என்ற முறைப்பாடுகளால் 2018இல் இங்கிலாந்தில் அதன் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டது என்பதையும், உள்ளே வைத்ததை முழுதாக எடுப்பது எளிதல்ல என்பதையும் எடைபோட வேண்டும். இன்னொரு பிள்ளைக்கு எண்ணம் இருப்பவர்களைப் பொதுவாகக் காத்திருக்கவே சொல்வார்கள். என் பெரியம்மாவுக்கு நடந்தது கருப்பை இறங்கியதற்கான வேறு சத்திரசிகிச்சை. ஆறு வாரம் ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றிருந்தார்கள், அதன் பின் நிம்மதியாகவே இருக்கிறார். அவரை வைத்து நாடாச் சிகிச்சைக்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பராமரிப்பில் மட்டும் இயன்மருத்துவம் ஒரு சுமையைத் தருகிறது. பயிற்சியை நிறுத்தினால் எந்தத் தசையும் மெலியும். நான் இப்போது பல் துலக்கும்போதும், பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ் நிற்கும்போதும், இரவு பிள்ளைகள் உறங்கியபின் படுத்தபடியும் செய்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலக்கத்தைப் பார்த்துவரப் போகிறேன். சிறுநீர் கழிக்கையில் இடையில் நிறுத்திப் பழகுவதை ஒரு பயிற்சியாகச் செய்ய வேண்டாம் என்று இயன்மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

முதல் முறை போகிறவர்கள் நேரம் குறிக்கும்போதே, இடுப்புத்தளப் பயிற்சி தருகிறவரா, உள்ளே பரிசோதித்துப் பார்ப்பாரா, பெண்தானா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனை அன்று வேண்டாம் என்று சொல்லவும், தாதி ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. வெட்கத்தில் நான் இரண்டு முறை நேரம் குறித்துவிட்டுப் போகாமல் இருந்தேன். மூன்றாம் முறை என் தங்கை வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள், அதனால் உள்ளே போனேன்.