மிட்டாய் விளக்கு: செகண்ட் ஹேண்ட் டீசல் எஸ்யூவியோடு 14 மாதம்

நேற்று ராத்திரி சித்தப்பா மகன் விருதுநகரிலிருந்து போன் செய்தான். "அண்ணே, 2021 மாடல் டீசல் ஒண்ணு வந்திருக்கு. சிங்கிள் ஓனர். ஆறு எண்பதுக்குக் குடுத்துருவேங்கிறாரு. உங்க வண்டி மாதிரியேதான். முடிச்சிரவா?"

பட்டறையில் 3,500 ரூபாய் கட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். வாயில் வந்தது ஒரே வார்த்தை: "வாங்காத." ஏன் என்று கேட்டான். காலையில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ராத்திரி படுத்தபோது அது நியாயமான பதில் இல்லை என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தக் கம்பெனி அபிமானிகள் ஒரு பக்கமும் எதிர்க் கம்பெனி அபிமானிகள் மறுபக்கமும் வரிந்துகட்டி வருவார்கள். தவிர, என் புலம்பல் ஒரு கம்பெனியைப் பற்றியதும் இல்லை. நாலு மீட்டருக்கு உட்பட்ட நீளம், 1.5 லிட்டர் டீசல், பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) என்று எந்த வண்டி எடுத்தாலும் இதே கதைதான்.

வாங்கியது 2024 நவம்பரில். 46,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, விலை 7.6 லட்சம். விற்றவர் கோயம்புத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஏரியா மேனேஜர். மாதத்தில் பாதி நாள் சேலம், ஈரோடு, திருச்சி என்று ரோட்டில் இருக்கும் மனிதர். ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். கூட வந்த மச்சான் அந்தக் கோப்பைப் பார்த்ததுமே "மாப்ள, கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றார்.

கண்ணை மூடவில்லை. டயர் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பார்த்தேன். 2121 என்றால் 2021-இன் 21-ஆவது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். நாலு டயரும் வண்டியோடு வந்தவைதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்துக்கொண்டு வேறு ஊர்களில் விலைக்கு நிற்கின்றன என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துச் சேற்றுக் கோடு தெரிகிறதா என்று பார்த்தேன். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் விரல் விட்டுத் தடவினேன். எல்லாம் சுத்தம். பானெட் போல்ட்டில்கூட ஸ்பானர் பட்ட தடம் இல்லை.

இப்படி வண்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தோம். ஆனால் "தினமும் எங்கே ஓட்டப் போகிறாய்?" என்று என்னை யாரும் கேட்கவில்லை. மச்சான் கேட்கவில்லை, மெக்கானிக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வீடு மதுரை அண்ணா நகரில், மகளின் பள்ளிக்கூடம் கே.கே. நகரில், ஆபீஸ் தல்லாகுளத்தில். எந்தப் பக்கம் போனாலும் 4 கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை தொடங்கிய பிறகு, அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனால் வண்டி நகர்ந்த நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம்.

வாங்கி ஏழாவது வாரம். பள்ளிக்கூட வாசலில் மகளை இறக்கிவிட நிறுத்தினேன். டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் குழாய், பெட்டிக்குள் புள்ளிகள். அவள் எட்டிப் பார்த்து, "அப்பா, மிட்டாய் லைட் எரியுது" என்றாள். இரண்டு முனையும் முறுக்கிய மிட்டாய் மாதிரியேதான் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

அந்த மிட்டாய்தான் டி.பி.எஃப். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 கட்டாயமானபோது இந்த வகை டீசல் கார்களுக்கெல்லாம் வந்து சேர்ந்த வடிகட்டி. புகையில் வரும் கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டே போனால் அடைத்துவிடும் அல்லவா? அதனால் அவ்வப்போது அந்தக் கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். இதற்குப் பெயர் ரீஜெனரேஷன், பட்டறையில் ரீஜென். எரிய வேண்டுமென்றால் வடிகட்டிக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும். ஹைவேயில் சீராக ஓடுகிற வண்டியில் ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே இது நடந்து முடிந்துவிடும். கோயம்புத்தூர்க்காரருக்கு மூன்று வருடமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. போன் செய்து கேட்டபோது, அப்படி ஒரு விளக்கு இருப்பதே தெரியாது என்றார். பொய் சொல்லவில்லை என்று இப்போது நம்புகிறேன். அன்று நம்பவில்லை. அவரிடம் கொஞ்சம் காட்டமாகவே பேசிவிட்டேன்.

என் கையில் வண்டி சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். விறகு பற்றி எரியத் தொடங்கும் நேரத்தில் தண்ணீர் ஊற்றி அணைத்தால் அடுப்பு எப்படிப் புகையுமோ, அதைத் தினமும் இரண்டு வேளை செய்துகொண்டிருந்தேன்.

ரீஜென் நடுவில் வண்டியை அணைத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தது ஒரு ராத்திரி. வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டேன். ரேடியேட்டர் ஃபேன் மட்டும் நிற்கவில்லை, மாவு மில் மாதிரி அலறிக்கொண்டிருந்தது. காயலான் கடையில் ஒயரைக் கொளுத்தினால் வருமே, அந்த மாதிரி ஒரு தீய்ந்த வாடை. எதிர்வீட்டுக்காரர் லுங்கியோடு ஓடி வந்து, "சார், ஏதும் பத்திக்கிச்சா?" என்றார். அதற்குச் சற்று முன்பு சிக்னலில் நிற்கும்போதே அறிகுறி இருந்திருக்கிறது. ஐட்லிங்கில் 800-இல் நிற்கும் முள் ஆயிரத்தைத் தொட்டது, மைலேஜ் எண் சட்டென்று விழுந்தது. நான் ஏ.சி.யைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆயில் பார்க்கும் கம்பியை உருவினேன். துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை அளவுக்கு ஏறியிருந்தது. ஆயில் குறைந்தால் பதறத் தெரியும். கூடினால்? விரலில் தொட்டுத் தேய்த்தேன். வழவழப்பே இல்லாமல் தண்ணியாக இருந்தது. மோந்து பார்த்தால் பங்க் வாடை. கரியை எரிக்கச் சூடு ஏற்றுவதற்காக இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். ரீஜென் பாதியில் நின்றுகொண்டே இருந்தால் அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே ஆயிலில் கலந்துவிடுகிறது. அப்படியே ஓட்டியிருந்தால் தேய்வது இன்ஜின். 10,000 கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டிய ஆயிலை 3,800-இலேயே மாற்றினேன்.

அதிலும் ஒரு கூத்து. பக்கத்துக் கடைக்காரர் நல்ல மனதோடு, விலை குறைவான சாதா ஆயிலை ஊற்றப் போனார். டி.பி.எஃப். வண்டிக்குச் சாம்பல் குறைவாக வரும் ஆயில்தான் ஊற்ற வேண்டும், புத்தகத்தில் போட்டிருக்கும். கரியை எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டிக்குள்ளேயே தங்கிவிடும். டப்பாவில் உள்ள எழுத்தைக் காட்டிய பிறகு, "இம்புட்டு விசயம் இருக்கா சார்?" என்றார்.

சர்வீஸ் சென்டரில் எனக்குக் கிடைத்த அறிவுரை வடிகட்டியையே மாற்றுவது. எஸ்டிமேட்டில் எழுதிய தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு தனி மெக்கானிக், வண்டியை நிறுத்தி வைத்தே கட்டாய ரீஜென் போட்டு 3,500 ரூபாயில் விளக்கை அணைத்தார். முதல் தடவை போன வருடம் மார்ச்சில், இரண்டாவது நேற்று. இன்னொருவர் சொன்ன வைத்தியம் இதைவிடச் சுலபம்: "உள்ள இருக்கிறத வெட்டி எடுத்துட்டு, சாஃப்ட்வேர்ல ஆஃப் பண்ணிருவோம் சார், ஜென்மத்துக்கும் லைட் வராது." சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம். எங்கம்மாவுக்கு வீசிங் உண்டு. வாசலில் நிற்கும் வண்டியில் அந்தக் காரியத்தைச் செய்ய மனசு வரவில்லை.

அந்த ஸ்கேனர் மெக்கானிக்தான் பரிகாரமும் சொன்னார். "மாசத்துக்கு ரெண்டு தடவ லாங் அடிங்க சார். நாலாவது கியர், ரெண்டாயிரம் ஆர்.பி.எம்.முக்குக் கீழ எறங்காம இருபது நிமிசம். அவ்வளவுதான்." ராகு காலம் பார்க்காத பரிகாரம்.

அப்படித்தான் நத்தம் ரோடு எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. ஒன்றுவிட்ட ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பி, 2023-இல் திறந்த அந்த 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலத்தில் ஏறினால், ஊர் முழுக்கக் கீழே தூங்கிக்கொண்டிருக்கும். செட்டிகுளத்தில் இறங்கியதும் நாலுவழிச் சாலை. முதல் இரண்டு தடவை நான் மட்டும் கடனே என்று போனேன். மூன்றாவது தடவை மகள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், மிட்டாய் எப்போது அணையும் என்று பார்க்க. அதற்கடுத்த தடவை அம்மா, நத்தம் மாரியம்மனைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்றார். பிறகு வீட்டம்மா ஃப்ளாஸ்க்கில் காபி. இப்போது விளக்கு எரியாத ஞாயிற்றுக்கிழமையும் கிளம்புகிறோம். மாசித் திருவிழாவுக்குக் கழுமரம் என்கிற வழுக்குமரம் ஏறுவதைப் பார்க்க மகள் இப்போதே லீவு சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு தடவைக்கு 300 ரூபாய்க்குமேல் டீசல் ஆகிறது. மருந்துச் செலவில் எழுதுவதா, சுற்றுலாச் செலவில் எழுதுவதா என்று தெரியவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. முட்டி வலிக்கும் அம்மா, பழைய காரில் குனிந்து இறங்கிக் கையைக் கொடுத்தால்தான் எழுவார். இதில் சீட் இடுப்பு உயரத்தில் இருப்பதால் திரும்பி உட்கார்ந்தால் போதும், தானே ஏறுகிறார், தானே இறங்குகிறார். இந்த ஒன்றுக்காகவே இந்த உயரத்து வண்டிகளுக்குக் கும்பிடு போடலாம். எங்கள் தெரு வேகத்தடையில் இதுவரை அடி தட்டவில்லை. மைலேஜ் டவுனில் 13, நத்தம் ரோட்டில் 19, 20. ஏ.சி.யில் இப்போது ஒரு குறையும் இல்லை. காகித வேலையில் பேர் மாற்றும் படிவம் 29, 30 எல்லாம் சுலபம்தான். கடித்தது இன்ஷூரன்ஸ். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, ஆளுக்குரியது, வண்டிக்குரியது இல்லை. பாலிசியை 14 நாளுக்குள் என் பேருக்கு மாற்றப் போனபோது அந்தத் தள்ளுபடித் தொகையை என்னிடம் வாங்கிவிட்டார்கள். விலை பேசும்போதே இதை மனதில் வையுங்கள்.

அடுத்து 2025 செப்டம்பர் 22. நாலு மீட்டருக்கு உட்பட்ட 1,500 சி.சி. வரையான டீசலுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 3 சதவீத செஸ்ஸும் போய், மொத்தமே 18 சதவீதம் என்று ஆனது. 10 லட்ச ரூபாய் வண்டியில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் குறைந்தது. நான் வாங்கிப் பத்து மாதம்கூட முடியவில்லை. புது வண்டி இறங்கினால் பழையதும் இறங்கும், அதுதான் தம்பிக்கு ஆறு எண்பது. என் வண்டி அவன் கணக்கில் இன்றைக்கு என்ன விலை என்று நான் கேட்கவில்லை.

டீசல் எடுத்ததே பழக்க தோஷம். டீசல்தான் லாபம் என்பது அப்பா காலத்துப் பாடம். லிட்டருக்கு எட்டு, ஒன்பது ரூபாய் மிச்சம்தான். ஆனால் 14 மாதத்தில் நான் ஓட்டியது 11,000 கிலோமீட்டர். அந்த மிச்சத்தை ஆயிலும் ஸ்கேனரும் தின்றுவிட்டன. மாருதி 2020-இல் டீசலை மொத்தமாகக் கைவிட்டபோது நான் சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

காலையில் தம்பியைக் கூப்பிட்டு இவ்வளவையும் சொன்னேன். வண்டி நல்ல வண்டி, அடக்கமான விலை, அம்மாவுக்கு வசதி, ஆனாலும் வாங்காதே, பெட்ரோல் பார் என்றேன். போன ஞாயிறு நத்தத்திலிருந்து திரும்பும்போது கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், அதையும் சொன்னேன்.

அவன் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, நான் வாரத்துல மூணு நாள் தூத்துக்குடி போயிட்டு வர்றேன். எனக்கு எப்படி லைட் எரியும்?" என்றான்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. நானும் அவனிடம் ரோட்டைக் கேட்கவில்லை.

"அப்பச் சரி, எடு" என்றேன்.

"எதுக்கு அது? உங்க வண்டியவே குடுங்களேன். ஆறு எண்பதே தர்றேன். நீங்க பெட்ரோல் எடுத்துக்கங்க."

உள்ளே அம்மா ஃப்ளாஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தார். அதெல்லாம் விற்கிற மாதிரி இல்லை என்று சொல்லி போனை வைத்தேன்.