லேக்கரா, நீர் அக்ரிலிக்கா: மாதிரி விமானத்துக்கு நம் ஊர் ஈரத்தில் எது?

மாதிரிப் போர் விமானம் கட்டுகிறவர்களிடம் எந்தக் கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எந்தச் சாயம் நல்லது என்று கேட்டால் விவாதமே மூண்டுவிடும். நான் பல ஆண்டுகள் நீரில் கலக்கும் அக்ரிலிக்கையே பிடித்துக்கொண்டிருந்தவன். கடைசியாகக் கட்டிய பஃபலோ என்னும் இரண்டாம் உலகப்போர் காலப் போர் விமானத்தை அடிப்பூச்சிலிருந்து மேல் வார்னிஷ் வரை லேக்கரிலேயே, அதாவது தின்னர் என்னும் கரைப்பானில் கரையும் சாயத்திலேயே, முடித்தேன். இனி விமானத்தின் உடலுக்கு வேறு சாயத்தைத் தொடுவதாக இல்லை. ஆகவே இந்த அலசலில் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.

பஃபலோ ஏன் என்று மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்திலிருக்கும் சுங்கைப்பட்டாணியில் அன்று ஒரு போர் விமானத் தளம் இருந்தது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் அதன்மீது குண்டு போட்டபோது, ஆஸ்திரேலிய விமானப்படையின் 21ஆவது ஸ்குவாட்ரன் அங்கே பஃபலோக்களோடு இருந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 27ஆவது ஸ்குவாட்ரன் பிளென்ஹைம் விமானங்களோடு இருந்தது. செம்பனைக்கும் கித்தாவுக்கும் (ரப்பர்) நடுவே வளர்ந்த நமக்கு இதைவிட நெருக்கமான விமானம் வேறில்லை. டமியா நிறுவனத்தின் 1/48 அளவு பஃபலோ கிட் பழைய அச்சுதான், ஆனாலும் பாகங்கள் ஒழுங்காகப் பொருந்துகின்றன. மேலே கரும்பச்சையும் மண் பழுப்பும், அடியில் ஸ்கை என்னும் வெளிர்பச்சை. மூன்று நிறங்கள், நிறம் பிரிக்க இரண்டு முறை டேப் ஒட்டும் வேலை. ஒரு சாயத்தின் பலமும் பலவீனமும் தெரிந்துவிட அது போதும்.

எல்லோரும் பேசுவதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். நீர் அக்ரிலிக்கில் வாடை குறைவு, தீப்பிடிக்காது, தூரிகையால் பூசவும் நன்றாக வரும். லேக்கர் சீக்கிரம் காயும், படலம் மெல்லியதாக விழும், விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் பேனல் கோடுகளை அடைக்காது. ஆனால் வாடை கடுமை, நெருப்பு பக்கத்தில் ஆகாது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. லேக்கர் எரியும் திரவம் என்பதால் விமானத்தில் அனுப்புவதற்குக் கட்டுப்பாடு உண்டு. தீபகற்பத்துக்குள் லாரியில் வந்துவிடுகிறது; சபா, சரவாக் நண்பர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவும் இல்லை. காற்றழுத்தத்தில் சாயத்தைத் தூவும் ஏர்பிரஷைக் கழுவும் வேலைதான் தீர்மானித்தது.

நீர் அக்ரிலிக் என்பது நுண்ணிய பிசின் துகள்கள் நீரில் மிதக்கும் பால். நீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து தோலாகிவிடும். அந்தத் தோலின்மேல் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மறுபடி சாயமாகாது. கோப்பையில் உறைந்த கித்தாப்பால் தண்ணீர் விட்டால் பாலாகாது என்பது மரம் வெட்டிய குடும்பங்களுக்குத் தெரியும். கிட்டத்தட்ட அதே சங்கதிதான் இது. இப்போது சாயம் வெளிவரும் ஏர்பிரஷின் 0.3 மில்லிமீட்டர் மூக்கை நினைத்துப் பாருங்கள். அடித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி நுனியில் ஒரு சிறு பொட்டு காய்கிறது. சாயம் திக்கித் திக்கி வருகிறது. பஞ்சால் நுனியைத் துடைக்கிறோம். சிறிது நேரத்தில் மறுபடி அதே கதை. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்தால் நுனி காய்வது குறையும், ஆனால் விமானத்தின் மேலிருக்கும் சாயமும் சேர்ந்து தாமதமாகும். வேலை முடிந்தபின் ஊசியை உருவி, மூக்கைக் கழற்றி, அதற்கான திரவத்தில் ஊறவைத்து, சிறு பிரஷால் துருவி எடுக்க வேண்டும். மூக்கின் உட்சுவரில் ஒரு துணுக்கு தங்கிவிட்டால், அடுத்த முறை அது பெயர்ந்து வந்து இறக்கையின் நடுவில் உட்காரும்.

லேக்கரின் குணம் வேறு. அதில் பிசின் கரைப்பானில் கரைந்து நிற்கிறது. கரைப்பான் பறந்ததும் காய்கிறது. கரைப்பான் திரும்பி வந்தால் மறுபடி கரைகிறது. நேற்று காய்ந்த லேக்கர்கூட இன்று ஒரு சொட்டுத் தின்னரில் இளகிவிடும். கழுவுவதற்கு இரும்புக்கடையில் டின்னில் விற்கும் சாதாரணத் தின்னரே போதும். கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, விசையை இழுத்து, நிறமில்லாமல் வரும்வரை அடித்தால் வேலை முடிந்தது. (சாயத்தில் கலக்க மட்டும் அந்த மலிவுத் தின்னர் வேண்டாம். பிளாஸ்டிக்கைக் கடிக்கும். கலக்குவதற்கு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர்தான் என் கைக்குப் பழகியது.)

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கியபின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் பாதியைக் கழுவுவதற்கே கொடுத்தால் விமானம் எப்போது முடியும்? கழுவுவது எளிது என்று ஆனபின், அரை மணி நேரம் கிடைத்தாலும் ஏர்பிரஷை எடுக்கத் தோன்றுகிறது. ஒரு இறக்கை, ஒரு நிறம், அவ்வளவு போதும்.

இதே கரையும் குணம்தான் பிடிப்பையும் தருகிறது. லேக்கர் அடிப்பூச்சைக் கொஞ்சம் இளக்கி அதற்குள் கால் ஊன்றுகிறது. பஃபலோவின் கண்ணாடிக் கூண்டில் சட்டங்கள் நிறைய. ஒவ்வொரு கண்ணாடிக்கும் டேப் வெட்டி ஒட்டி, முதலில் உள்நிறம், அதன்மேல் வெளிநிறம் அடித்தேன். இடுக்கியால் டேப்பின் மூலையைப் பிடித்து மடக்கி இழுத்தபோது சட்டத்தின் ஓரம் கத்தியால் கீறியதுபோல் நேராக நின்றது. பூத்தையல் ஊசியின் கனம்கூட இல்லாத அந்தச் சட்டங்களில் ஒன்றிலும் சாயம் பெயரவில்லை. நீர் அக்ரிலிக்கில் இந்த இடத்தில்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு டேப்பை எடுப்பேன். சட்டத்தின் சாயம் நூலாக டேப்போடு எழுந்து வருவது சகஜம். அடியில் லேக்கர் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் நீர் அக்ரிலிக்கும் ஓரளவு பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் பிரைமருக்காக லேக்கர் வாடை வீட்டுக்குள் வந்துவிட்டதென்றால், மிச்சத்தையும் லேக்கரிலேயே அடித்துவிடலாமே.

இனி நம் ஈரம். இங்கே லேக்கருக்கும் பாடு உண்டு. மழை பெய்து ஓய்ந்த மாலையில் பளபளப்பு வார்னிஷ் அடித்தால் பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அங்கே படிகிறது. மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மெல்லிய தூறலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மழை நாளில் வார்னிஷ் வேலையைத் தள்ளிவைப்பது அதைவிட நல்லது. ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரின் குழாயில் தண்ணீர் சேர்வது இரண்டு சாயத்துக்கும் பொதுவான தொல்லை. நீர்ப்பிடிப்பான் இல்லாத கம்ப்ரஸரை நம் நாட்டில் யாரும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து வடித்துவிடுங்கள். நீர் அக்ரிலிக் இந்த ஈரத்தில் வெளுக்காது, ஆனால் உள்ளே கெட்டியாக நாளெடுக்கும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். டேப்பை ஒட்டினால்தான் உண்மை தெரியும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. டமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசை அக்ரிலிக் சாயத்தை லேக்கர் தின்னரில் கலந்து அடிக்கலாம். பிடிப்பும் வழவழப்பும் லேக்கரை நெருங்கிவிடும். கரும்பச்சைக்கு எக்ஸ்எஃப்-81, ஸ்கைக்கு எக்ஸ்எஃப்-21 என்று பிரிட்டிஷ் நிறங்களும் கைவசம் கிடைக்கும். லேக்கர் புட்டி கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் இதைத் தயங்காமல் எடுக்கலாம். எனாமல் என்னும் எண்ணெய்ச் சாயத்தை நான் அழுக்கு வாஷுக்கு (அழுக்குத் தோற்றம் தரும் நீர்த்த பூச்சு) மட்டுமே தொடுகிறேன், லேக்கரின் மேல் அது பத்திரமாக ஓடும். முழு விமானத்துக்கு எனாமல் எப்படி என்று பேச எனக்கு அனுபவம் போதாது. வெறும் உலோகப் பளபளப்பில் நிற்கும் சேபர் ஜெட் போர் விமானம் போன்றவற்றையும் நான் இன்னும் கட்டவில்லை. அங்கே என் வார்த்தையை அரைப்பங்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

விமானி பொம்மை, இருக்கை வார், கருவிப் பலகைப் பொத்தான்கள் ஆகியவற்றுக்கு நீர் அக்ரிலிக்கும் நல்ல தூரிகையும்தான் இன்றும் சிறந்தவை. அந்தப் புட்டிகளை நான் தூக்கிப்போடவில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ள வீட்டார், ஒரே அறையில் படுத்து அதே அறையில் கட்டுகிறவர்கள் லேக்கருக்கு வர வேண்டாம். நான் சொன்ன வசதி எதுவும் அந்த வாடைக்கு ஈடாகாது. எங்கள் வீட்டுப் பின்கட்டு திறந்த வெளி, எதிரே செம்பனை. காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகும் முகமூடி இல்லாமல் ஏர்பிரஷைத் தொடுவதில்லை. மருந்துக்கடைத் துணி முகமூடி இதற்கு உதவாது. கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும், அதைச் சாயத்துக்கு முன்னால் வாங்குங்கள். அந்த வடிகட்டி சும்மா கிடந்தாலும் காற்றிலிருப்பதை உறிஞ்சித் தீர்ந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்த கையோடு அழுத்திமூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவையுங்கள். முகமூடிக்குள் தின்னர் வாடை வரத் தொடங்கினால் அன்றே மாற்றிவிடுங்கள்.